கணினிக் கேள்வி-பதில்: லினக்ஸின் பதிவேட்டை நிரப்பும் யுஎஸ்பி கருவிகள்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்து, ஊரும் கருவியும் வேறுபட்டாலும், ஒரே தொல்லையைப் பற்றியவை. லினக்ஸ் கணினியின் பதிவுக்கோப்புகளில் ஏதோ ஒரு யுஎஸ்பி கருவியைப் பற்றிய வரிகள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம். கட்டளைகளின் பெயர்களைத் தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். புள்ளியிட்டுப் பிரித்தவற்றை ஒவ்வோர் எழுத்தாக ஆங்கில விசைகளில் தட்டச்சிட வேண்டும்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். ரூட் பிரிவின் அளவு 30 ஜிபி. இடம் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்துத் தேடியபோது, லாக் கோப்புறை மட்டுமே 4 ஜிபியை எட்டியிருந்தது. திறந்து பார்த்தால், 'யுஎஸ்பி 1-4: டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71' என்ற வரி கணக்கில்லாமல் இருக்கிறது. நான் யுஎஸ்பியில் எதையுமே செருகவில்லை; மவுஸ்கூட இல்லை. இந்த வரி எழுதப்படாமல் நிறுத்த வழி சொல்லுங்கள்.

பதில்: நிறுத்த வழி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த வரியைப் பிரித்துப் படித்துவிடுவோம். உங்களுக்கு வேண்டிய விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

'1-4' என்பதில் முதல் எண் யுஎஸ்பி பஸ்ஸை, அதாவது பல போர்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் தடத்தைக் குறிக்கிறது. இரண்டாவது எண் அந்தப் பஸ்ஸில் உள்ள போர்ட்டைக் குறிக்கிறது. நடுவில் ஒரு ஹப் இருந்திருந்தால் '1-4.2' என்பதுபோல் புள்ளி வைத்து ஹப்பின் போர்ட் எண்ணும் சேர்ந்து வந்திருக்கும். உங்கள் வரியில் புள்ளி இல்லாததால், தொல்லை தாய்ப்பலகையின் போர்ட் ஒன்றிலேயே நேராக இருக்கிறது. 'டிஸ்கிரிப்டர்' என்பது ஒவ்வொரு யுஎஸ்பி கருவியும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் 18 பைட் அறிமுகச் சீட்டு. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், ஒரு தடவைக்கு எத்தனை பைட் வாங்கிக்கொள்ள முடியும் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. போர்ட்டில் புதிதாக ஒன்று தென்பட்டதும், அதற்கு ஒரு முகவரி கொடுப்பதற்கு முன்பே, 64 பைட் வரை அனுப்பச் சொல்லி, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் இந்தச் சீட்டைக் கேட்கிறது. வரியில் நீங்கள் பார்க்கும் '64' அதுதான். '-71' என்பது நெறிமுறைப் பிழை. வந்த மின்குறிகள் சிதைந்திருந்தன, அல்லது குறித்த நேரத்துக்குள் மறுமொழியே வரவில்லை என்று பொருள். சுருங்கச் சொன்னால், போர்ட் 4-இல் ஏதோ ஒன்று இருப்பதாகக் கெர்னலுக்குத் தெரிகிறது, பெயரைக் கேட்டால் அது உளறுகிறது.

இதைக் கெர்னல் முடிவில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில முறை கேட்கும். பிறகு கருவிக்குப் புதிய எண் கொடுத்து மறுபடி கேட்கும். அதுவும் பலிக்காவிட்டால் 'அட்டெம்ப்ட் பவர் சைக்கிள்' என்று எழுதிவிட்டுப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்துப் பார்க்கும். இறுதியில் 'அனேபிள் டு எனுமரேட் யுஎஸ்பி டிவைஸ்' என்று கைவிட்டுவிட்டு, அந்தப் போர்ட்டின் நிலை மாறும்வரை வாயைத் திறக்காது. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிய வேண்டிய கதை இது. உங்கள் கணினியில் அது முடியாமல் தொடர்கிறது என்றால், போர்ட்டின் நிலை திரும்பத் திரும்ப மாறுகிறது, அதாவது மின் இணைப்பே விட்டுவிட்டுச் சேர்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். மென்பொருளைக் குறை சொல்ல இதில் அதிகம் இல்லை. எங்கோ ஒரு வயர் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒரு கருவி செத்துக்கொண்டிருக்கிறது.

எதையும் செருகவில்லையே என்கிறீர்கள். லேப்டாப்பின் மூடிக்குள் இருக்கும் வெப்கேமரா, ப்ளூடூத், கைரேகை உணரி, சில மாடல்களில் தொடுதிரை ஆகியவையும் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாகவே தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. வெளியே துளை தெரியாது, அவ்வளவுதான். 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' கட்டளையுடன் ஒரு சிறுகோடும் 'டி' எழுத்தும் ('ட்ரீ' என்பதன் முதலெழுத்து) சேர்த்துக் கொடுத்தால், எந்தப் போர்ட்டில் எது இருக்கிறது என்பது கிளைப்படமாக வரும். ஆனால் சீட்டைக் கொடுக்காத கருவி அந்தப் படத்தில் இடம்பெறாது. எனவே இருப்பதைத் தேடாமல் இல்லாததைத் தேட வேண்டும். வெப்கேமரா இருக்கிறதா, ப்ளூடூத் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், லேப்டாப்பில் உண்டு, பட்டியலில் இல்லை என்று ஒன்று மிஞ்சும்.

பழைய பதிவுகளில் '1-4' என்று தேடினால் முன்னொரு நாள் அங்கே என்ன இருந்தது என்று தெரிந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல யோசனைதான், ஆனால் உங்கள் கணினியில் அந்தப் பழைய பதிவுகள் அநேகமாக இராது. ஒரு வரிக்கு 100 பைட், நொடிக்குச் சராசரியாக 4 வரி என்று வைத்துக்கொண்டாலே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 எம்பி ஆகிறது. உபுண்டுவில் அதே வரி சிஸ்லாக் கோப்பில் ஒருமுறை, கெர்னலுக்கான தனிக்கோப்பில் ஒருமுறை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் ஜர்னல் என்ற பதிவேட்டில் ஒருமுறை என மூன்று இடங்களில் எழுதப்படுகிறது. ஜர்னல், தான் இருக்கும் பிரிவின் அளவில் 10 விழுக்காட்டைத் தாண்டாது. உங்கள் 30 ஜிபியில் அது 3 ஜிபி. எனவே ஜர்னலால் வட்டு நிரம்பிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த வரம்பை எட்டியதும் புதிய வரிக்கு இடம் தருவதற்காகப் பழைய வரிகளை அது தூக்கி எறிகிறது. இப்போது உங்கள் ஜர்னல் சில வாரங்களுக்கு மேல் பின்னோக்கிப் போகாது. அந்தச் சில வாரங்களிலும் ஒரே புலம்பல்தான் இருக்கும். இந்த வரிகள் தின்ற 4 ஜிபியைவிட, இவற்றால் வெளியே தள்ளப்பட்ட பயனுள்ள வரிகளையே நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

இருந்தாலும் ஒரு பழைய பிரதி தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. உபுண்டுவை நிறுவிய அன்று ஓடிய பதிவுகளை, நிறுவி முடித்ததும், லாக் கோப்புறைக்குள் 'இன்ஸ்டாலர்' என்ற உட்கோப்புறையில் அது பத்திரப்படுத்தி வைக்கிறது. அதை யாரும் சுழற்றுவதுமில்லை (பழையதை ஒதுக்கிவிட்டுப் புதுக்கோப்பு தொடங்குவதுமில்லை), அழிப்பதுமில்லை. அதிலுள்ள சிஸ்லாக் கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து 'யுஎஸ்பி 1-4: ப்ராடக்ட்' என்று தேடுங்கள். கருவி அன்று நலமாக இருந்திருந்தால், அதன் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

பெயர் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது உங்கள் தேவையைப் பொறுத்தது. கருவி வேண்டுமென்றால், லேப்டாப்பைத் திறக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, அதன் பட்டைக் கேபிளைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். பல சமயம் அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படுவதில்லை. கைரேகை உணரி போன்று இல்லாமலும் காலம் தள்ளக்கூடிய கருவி என்றால், பயாஸ் அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடலாம். பயாஸில் அந்த வசதி இல்லாவிட்டாலும் கெர்னலிலேயே ஒரு வழி இருக்கிறது. 2022-இல் வெளிவந்த 6.0 கெர்னல் முதல், ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டிஸேபிள்' என்ற ஒரு சிறு கோப்பு உண்டு. சிஸ் கோப்புறைக்குள் பஸ், யுஎஸ்பி, டிவைசஸ், யுஎஸ்பி1, 1-0:1.0, யுஎஸ்பி1-போர்ட்4 என்று இறங்கிப் போனால் அது கிடைக்கும். அதில் 1 என்று எழுதினால் அந்தப் போர்ட் மட்டும் அணைந்துவிடும். உபுண்டு 22.04 முதலில் 5.15 கெர்னலுடன் வந்தது. பின்னர் வந்த புதுப்பிப்புகளில் 6.8 வரை கிடைக்கிறது. எனவே 'யுநேம்' கட்டளையுடன் சிறுகோடும் 'ஆர்' எழுத்தும் கொடுத்து, உங்களுடைய கெர்னல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினியை மறுபடி தொடங்கினால் இந்த அமைப்பு மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் தானாக எழுதப்பட வேண்டுமென்றால் சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ் அமைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

சேர்ந்துவிட்ட குப்பையை அகற்ற, 'ஜர்னல் சி.டி.எல்.' கட்டளைக்கு முதலில் 'ரொட்டேட்' என்றும் அடுத்து 'வேக்யூம்-சைஸ்' என்றும் கொடுத்து, 200 எம்பி போதும் என்று சொல்லலாம். ரொட்டேட் செய்யாமல் வேக்யூம் மட்டும் கொடுத்தால், இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை அது தொடாது. கட்டளை கொடுத்தும் இடம் திரும்பக் கிடைக்கவில்லையே என்று பலர் விழிப்பது இதனால்தான்.

இனி நீங்கள் கேட்ட வழி. சிஸ்லாக் கோப்பையும் கெர்னல் கோப்பையும் எழுதும் சேவையான ஆர்சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்புறையில், 50 என்று தொடங்கும் இயல்புக் கோப்புக்கு முன்னால் வரும்படி, 10 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, செய்தியில் 'யுஎஸ்பி 1-4: டிவைஸ் டிஸ்கிரிப்டர்' என்ற தொடர் இருந்தால் அங்கேயே நிறுத்து என்று எழுதலாம். சிஸ்லாக்கிலும் கெர்னல் கோப்பிலும் வரி நின்றுவிடும். ஜர்னலில் நிற்காது, கெர்னலின் உள்நினைவிலும் நிற்காது. காரணத்தைக் கண்டுபிடித்து, கருவியைச் சரிசெய்ய முடியாது என்று உறுதியான பிறகு இதைச் செய்யுங்கள். அதுவும் போர்ட் எண்ணோடு சேர்த்துச் செய்யுங்கள். 'எரர் -71' என்று பொதுவாக எழுதிவிட்டால், நாளை வேறொரு போர்ட்டில் உங்கள் ஹார்ட் டிஸ்க் முனகினாலும் கேட்காது.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்): வீட்டில் கோப்புச் சேமிப்புக்கென்று ஒரு பழைய கணினியை ஓட்டுகிறேன். கெர்னல் 5.4, நிறுவிய நாளிலிருந்து புதுப்பிக்கவில்லை. அண்மையில் 2.5 ஜிகாபிட் யுஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் ஒன்று வாங்கிச் செருகினேன். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் '2500 எம்பிட்/எஸ் டவுன்லிங்க், 2500 எம்பிட்/எஸ் அப்லிங்க்' என்ற வரியும், 'நெட்வொர்க் கனெக்‌ஷன்: கனெக்டட்' என்ற வரியும் நொடிக்குப் பல தடவை பதிவாகின்றன. அடாப்டர் பழுதா?

பதில்: பழுதில்லை, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' கட்டளையில் அதன் பொருள் எண் 8156 என்று வருகிறதா பாருங்கள். வந்தால் உள்ளே இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்8156 சிப். அந்தச் சிப், இணைப்பு உயிரோடு இருக்கிறது, வேகம் இவ்வளவு என்ற அறிவிப்பை ஏறத்தாழ 32 மில்லிநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குச் சுமார் 31 தடவை கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு அடிக்கடி நலம் தெரிவிக்கச் சொல்லி யாரும் அதைக் கேட்கவில்லை. அதன் சுபாவம் அப்படி. பழைய கெர்னலில் இதைக் கையாளும், யுஎஸ்பி நெட்வொர்க் கருவிகளுக்குப் பொதுவான என்சிஎம் டிரைவர், மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வந்த அறிவிப்பையெல்லாம் அப்படியே பதிவேட்டில் எழுதிவிடும். இரண்டு அப்பாவிகள் சேர்ந்து செய்த தொல்லை என்று சொல்லலாம்.

2021 ஜனவரியில் இதற்கான திருத்தம் கெர்னலில் சேர்க்கப்பட்டது. முந்தைய அறிவிப்பிலிருந்து ஏதாவது மாறியிருந்தால் மட்டும் எழுது என்பதுதான் திருத்தம். சில வரிகளில் முடிந்துவிட்டது. அதை எழுதியவர் குரோம் ஓஎஸ் சார்ந்து பணிபுரிந்த ஒரு நிரலாளர். திருத்தத்தோடு அவர் இணைத்த விளக்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நெட்வொர்க் கேபிள் செருகப்படாமல் அடாப்டர் சும்மா இருக்கும்போதே நொடிக்கு 2 கேபி சேர்கிறது; கெர்னலின் உள்நினைவுப் பதிவேடு 1 எம்பி இருந்தாலும் 10 நிமிடத்துக்குள் முழுவதும் மேலெழுதப்பட்டுவிடுகிறது; வட்டில் நாளொன்றுக்கு 180 எம்பி கூடுகிறது. கேபிளைச் செருகிவிட்டால் இதைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஈரோட்டு வாசகருக்கு நான் சொன்ன அதே கவலைதான் அவருக்கும்: மற்ற கோளாறுகளைத் தேடிப் போகிறவருக்கு அந்தப் பதிவேட்டில் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆகவே உங்களுக்கு வடிகட்டி எதுவும் வேண்டாம், கெர்னலைப் புதுப்பித்துவிடுங்கள். 2021 ஜூனில் வெளிவந்த 5.13 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னலுக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. அந்தப் பதிப்பு முதல் இந்தச் சிப்பை, ரியல்டெக்கின் யுஎஸ்பி நெட்வொர்க் சிப்புகளுக்கென்றே உள்ள ஆர்8152 டிரைவர் நேரடியாக ஏற்றுக்கொள்கிறது. புதுப்பித்த பிறகு 'ஈதர்டூல்' கட்டளையுடன் சிறுகோடும் 'ஐ' எழுத்தும் கொடுத்து, எந்த டிரைவர் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் சிறிய அலுவலகத்தில் டெபியன் சர்வர் ஒன்று உண்டு, வரைகலை இடைமுகம் கிடையாது, எழுத்துத் திரை மட்டுமே. 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 87' என்று ஒரு வரி; உடனே 'நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 88' என்று ஒரு வரி. நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி எண் ஏறிக்கொண்டே 127 வரை போய், மறுபடி சிறிய எண்ணிலிருந்து தொடங்குகிறது. மவுஸ் ஒன்றும் யுபிஎஸ் ஒன்றும் செருகியிருக்கிறோம். இரண்டும் புதியவை. யாரும் பிடுங்கிச் செருகுவதாகவும் தெரியவில்லை.

பதில்: யாரும் பிடுங்கவில்லை, கருவியே தன்னைப் பிடுங்கிக்கொள்கிறது. எண் 127-இல் நிற்பதற்குக் காரணம், யுஎஸ்பி முகவரி 7 பிட் அளவுடையது என்பதுதான். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மவுஸைப் பற்றி முதலில். ஒரு மவுஸைச் செருகியதும் லினக்ஸ் அதை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். ஆனால் ஏதேனும் ஒரு நிரல் அந்த மவுஸைத் திறந்து பயன்படுத்தும்வரை, 'அசைந்தாயா, சொடுக்கப்பட்டாயா' என்று கெர்னல் அதைக் கேட்காது. மேசைக் கணினியில் வரைகலைத் திரை ஏறியவுடன் இந்த விசாரிப்பு தொடங்கிவிடும். உங்கள் சர்வரில் எழுத்துத் திரை மட்டும் இருப்பதால் யாரும் விசாரிப்பதில்லை. மலிவான மவுஸ்களில் உள்ள சில சிப்புகள், ஏறக்குறைய ஒரு நிமிடம் எவரும் ஒன்றும் கேட்காவிட்டால், எதிர்முனை முடங்கிவிட்டது என்று முடிவுகட்டி, இணைப்பை அறுத்துக்கொண்டு புதிதாக வந்து சேர்கின்றன. கெர்னலில் இத்தகைய மவுஸ்களுக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெற்ற மாடல்களை, திறக்கப்படாவிட்டாலும், கெர்னல் விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கும். உங்கள் மாடல் அதில் இல்லையென்றால், மவுஸ், விசைப்பலகை போன்றவற்றைக் கையாளும் யுஎஸ்பி ஹிட் டிரைவரின் குவிர்க்ஸ் (விதிவிலக்குகள்) அளவுருவில் அதன் நிறுவன எண், பொருள் எண் இரண்டோடும் பதினாறடிமானத்தில் 0400 என்று சேர்த்து நீங்களே அறிவிக்கலாம். ஆனால் எழுத்துத் திரைச் சர்வருக்கு மவுஸ் எதற்கு? கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள்; பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால், குற்றவாளி மவுஸா யுபிஎஸ்ஸா என்பதும் தெரிந்துவிடும்.

யுபிஎஸ்தான் என்றால் அதைக் கழற்றிவிடச் சொல்ல மாட்டேன். மின்சாரம் போனபின், பேட்டரி தீர்வதற்குள் சர்வர் முறையாக அணைய வேண்டுமானால், அந்த யுஎஸ்பி வயர் இருந்தாக வேண்டும். யுபிஎஸ்களிலும் இதே குணம் உண்டு; சில மாடல்கள் 20 நொடி வரை எவரும் ஒன்றும் கேட்காவிட்டால் இணைப்பை உதறிவிடுகின்றன. செருகி மட்டும் வைத்துவிட்டு அதனுடன் பேசும் மென்பொருளை நிறுவாமல் விடுபவர்களின் பதிவேடுகளில்தான் இந்த வரிகள் குவிகின்றன. அப்படிப்பட்ட யுபிஎஸ் மின்தடையின்போது சர்வரை அணைக்கவும் போவதில்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 'நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்' என்ற தொகுப்பை நிறுவி, விசாரிப்பு இடைவெளியை 15 நொடி அல்லது அதற்கும் குறைவாக வையுங்கள். வரிகளும் நிற்கும், யுபிஎஸ்ஸும் வாங்கிய வேலையைச் செய்யும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): யுஎஸ்பி வெப்கேமராவை ஒரு வாரம் இடைவிடாமல் ஓட விட்டதில் சிஸ்லாக் கோப்பு 19 ஜிபி ஆகிவிட்டது. 'ஆர்.எம்.' கட்டளையால் கோப்பை நீக்கிவிட்டேன். கோப்பு காணவில்லை, ஆனால் வட்டில் இடம் மட்டும் திரும்பவில்லை. ஏன்?

பதில்: கோப்பின் பெயரைத்தான் நீக்கியிருக்கிறீர்கள். ஆர்சிஸ்லாக் அந்தக் கோப்பைத் திறந்து கையில் வைத்திருக்கிறது. அது விடும்வரை 19 ஜிபியும் வட்டிலேயே இருக்கும். இன்னும் சொல்லப்போனால், பெயரில்லாத அந்தக் கோப்பில் அது இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆர்சிஸ்லாக் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். இடம் உடனே திரும்பிவிடும். இனிமேல் இப்படி நேர்ந்தால் கோப்பை நீக்காமல், 'ட்ரங்கேட்' கட்டளையால் அதன் அளவை 0 ஆக்குங்கள். அதற்கும் முன்னால், 'ஹெட்' கட்டளையைக் கொண்டு கோப்பின் முதல் ஐந்நூறு வரிகளையாவது வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் எந்த வரியில் தொடங்கியது, அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்பது காரணத்தைத் தேடுபவருக்கு வேண்டும். கடைசி ஐந்நூறு வரியால் அவருக்குப் பயனில்லை.

வாரம் ஒருமுறை கோப்பைச் சுழற்றும் அமைப்பு இருந்தும் ஏன் இப்படி ஆனது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். வாரம் முடிந்தால்தான் அது சுழற்றும். நடுவில் எவ்வளவு வளர்ந்தாலும் கண்டுகொள்ளாது. சுழற்றும் வேலையைச் செய்யும் லாக்ரொட்டேட் நிரலின் அமைப்பில் 'மேக்ஸ்சைஸ்' என்ற ஒரு சொல்லையும் அளவையும் சேர்த்துவிட்டால், அந்த அளவைத் தாண்டிய கோப்பை வாரம் முடியாவிட்டாலும் சுழற்றிவிடும். அந்தச் சோதனையும் வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): ராஸ்பெரி பை 4 கணினியில் 2.5 அங்குல யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை இணைத்துக் குடும்பப் படங்களைச் சேமித்து வருகிறேன். 'ரீசெட் சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 2' என்ற வரியும், 'யுஏஎஸ்_இஎச்_அபார்ட்_ஹேண்ட்லர்' என்று தொடங்கும் வரிகளும் நாளுக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன. படங்கள் திறக்கின்றன. வரிகளை மட்டும் மறைக்க முடியுமா?

பதில்: மறைக்காதீர்கள். இன்றைய கடிதங்களில் என்னைக் கவலைக்குள்ளாக்கியது உங்களுடையதுதான். எழுதச் சொன்ன வேலையை டிஸ்க் நேரத்துக்குள் முடிக்காததால் கெர்னல் அதைக் கைவிட்டு, இணைப்பையே புதிதாகத் தொடங்குகிறது என்பது அந்த வரிகளின் பொருள். இன்று படங்கள் திறக்கின்றன. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு ரீசெட் பலிக்காமல் போனால், கோப்பு முறைமை பழுதாகலாம். எனவே முதல் வேலையாகப் படங்களை வேறொரு வட்டில் படியெடுங்கள். மற்றவை பிறகு.

அடுத்து மின்சாரம். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்து தரக்கூடியது மொத்தம் 1.2 ஆம்பியர். சுழலும் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய 1 ஆம்பியரை உறிஞ்சிவிடக் கூடும். கூடவே விசைப்பலகையும் வேறொரு கருவியும் இருந்தால் மீதி என்ன இருக்கும்? பதிவேட்டில் 'அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்' என்ற வரியும் தென்பட்டால் ஐயமே வேண்டாம். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சரியான அடாப்டரை பைக்குக் கொடுங்கள்; டிஸ்க்கைத் தனி மின்சாரம் உள்ள ஹப்பின் வழியாக இணையுங்கள்.

அப்படியும் தொடர்ந்தால் கேபிள். இதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. என் காப்புப்பிரதி டிஸ்க் இரண்டு வாரமாக இதே ரீசெட் வரியை எழுதிக்கொண்டிருந்தது. டிஸ்க் போய்விட்டது என்று முடிவுசெய்து புதியது வாங்கவும் தயாராகிவிட்டேன். ஒரு நாள் மதியம் 'டி.எம்.இ.எஸ்.ஜி.' கட்டளையோடு சிறுகோடும் 'டபிள்யூ' எழுத்தும் கொடுத்து, வரிகள் விழ விழத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ஏறத்தாழ ஒரே இடைவெளி இருந்தது. எதோடு ஒத்துப்போகிறது என்று சுற்றிலும் பார்த்தபோது, மேசையருகே நின்ற பீடமின்விசிறி இடப்பக்கம் திரும்பி முடியும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி விழுவது தெரிந்தது. மேசை விளிம்பில் தொங்கிய யுஎஸ்பி கேபிளைக் காற்று ஆட்டிக்கொண்டிருந்தது. செருகும் முனைக்குச் சற்றுக் கீழே, கழுத்துப் பகுதியில் உள்கம்பி நைந்திருந்தது. நீங்களும் அந்தக் கட்டளையை ஓட விட்டு, கேபிளின் இரு கழுத்துகளையும் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். வரி விழுந்தால் கேபிளை மாற்றுங்கள்.

மின்சாரமும் கேபிளும் சரியாக இருந்தும் நிற்காவிட்டால், டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் இணைப்புச் சிப்புக்கும் யுஏஎஸ் என்ற விரைவு நெறிமுறைக்கும் ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம். சில சிப்புகளுக்கு அது வாய்ப்பதில்லை. பூட் பிரிவில் உள்ள சி.எம்.டி.லைன் கோப்பில், ஏற்கெனவே இருக்கும் ஒரே வரியின் இறுதியில், புதிய வரி தொடங்காமல் ஓர் இடைவெளி விட்டு, 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்' என்று எழுதி, சமக்குறி இட்டு, 'எல்.எஸ்.யு.எஸ்.பி.' காட்டும் இரு நான்கிலக்க எண்களை முக்காற்புள்ளியால் பிரித்து எழுதி, இன்னொரு முக்காற்புள்ளியும் 'யு' என்ற சிற்றெழுத்தும் சேருங்கள். டிஸ்க் பழைய நெறிமுறைக்குத் திரும்பும். வேகம் ஓரளவு குறையும், குடும்பப் படங்களுக்கு அது பொருட்டாகாது. மறுதொடக்கம் செய்த பிறகு ஒரு பெரிய கோப்பைப் படியெடுத்துக்கொண்டே பதிவேட்டைப் பாருங்கள். அப்போதும் ரீசெட் வரி வந்தால், டிஸ்க்கையும் பெட்டியையும் தனித்தனியே வேறொரு கணினியில் சோதித்துவிட்டு, வந்த வரிகளை அப்படியே எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.